தோணி மாதிரி வரைந்த பிறைக்கு நான் போட்ட தப்பு

கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் வழியில் எங்கள் வீடு. 2024 ஜூன் மாதத்திலிருந்து மாடியில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை பதினெட்டுப் பிள்ளைகள், பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். தலைக்கு மாதம் 150 ரூபாய். நான் படித்தது பி.காம். அறிவியல் பத்தாவதோடு சரி. பூமி சுழல்வதையும் நிலா வளர்ந்து தேய்வதையும் சொல்லிக்கொடுக்கப் போய், கையிலிருந்த பணம் போனது, நாலு மாதம் வீணானது, ஒரு பெண் குழந்தை எல்லார் முன்னாலும் நின்று அழுதாள். "இதை இப்படிச் செய்யாதே" என்று அப்போது ஒருத்தர் சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. சொல்ல ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற அம்மா அப்பாவுக்கும், என்னைப் போல வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் உதவட்டும்.

செப்டம்பரில் ஒரு நாள் ஆறாவது படிக்கிற பெண் கேட்டாள். "அக்கா, நிலா ஏன் ஒரு நாள் முழுசா இருக்கு, ஒரு நாள் பாதியா இருக்கு?" நான் யோசிக்கவே இல்லை. "பூமியோட நிழல் நிலா மேல விழுதும்மா. எவ்வளவு மறைக்குதோ அவ்வளவு தேயும்" என்றேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லிக்கொடுத்த ஞாபகம்கூட இல்லை, தானாகவே மனதில் வந்து உட்கார்ந்துகொண்ட பதில். பின்னால் என் கூடப் படித்த நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன், மூன்று பேர் இதையே சொன்னார்கள். பலகையில் பெரிசாக எழுதியும் போட்டேன். பதினெட்டுப் பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆன்லைனில் சூரியன், பூமி, நிலா மூன்றும் மோட்டாரில் சுற்றுகிற மாடல் ஒன்றை 2,650 ரூபாய்க்கு வாங்கினேன். என் ஒரு மாத வருமானம் 2,700. நிலாவைக் கிட்டத்தில் காட்ட 1,450 ரூபாய்க்கு ஒரு குட்டித் தொலைநோக்கி. அதன் கால்கள் காற்றுக்கே ஆடும், நிலாவை உள்ளே கொண்டுவருவதற்குள் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும். பிறகு பிறைகளை வட்டமாக வரைந்த ஃப்ளெக்ஸ் சார்ட் ஒன்று, அச்சடிக்க 600. மாடல் வந்த அன்று விளக்கை அணைத்துவிட்டு ஓடவிட்டேன். மாடலில் நிலா பூமிக்குப் பின்னால் போகும்போதெல்லாம் இருட்டாகிவிடும். "பாத்தீங்களா, நிழல் விழுது" என்று நானே காட்டினேன். என் தப்புக்கு மாடலும் சாட்சி சொன்னது. பௌர்ணமி அன்று நிலா இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்த மாடல் இருட்டைக் காட்டியது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அக்டோபரில் அந்தப் பெண் தன் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு அந்த மாடலையே எடுத்துப் போனாள். நானும் போயிருந்தேன். பார்வையிட வந்த ஆசிரியர் ஒருவர் நின்று கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நான் எழுதிப்போட்ட வரியை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அவர் கேட்டார்: "சாயங்காலம் அரை நிலா உச்சியில இருக்கு. சூரியன் மேற்கே இருக்கு. பூமியோட நிழல் எந்தப் பக்கம் விழும்?" "கிழக்கே." "நிலா எங்கே இருக்கு?" "மேலே." "அப்ப நிழல் எப்படிம்மா நிலாவைப் பாதி மறைச்சுது?" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்று வரைக்கும் மறக்க முடியவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. "யார் சொல்லிக்கொடுத்தா?" என்று அவர் கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். "எங்க டியூஷன் அக்கா" என்று சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் நாலு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் கேட்டதை நானே கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒரு கை சூரியன் பக்கம், ஒரு கை நிலா பக்கம். நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில்தான் போகும். நிலா அந்தத் திசைக்கு வருவது மாதத்தில் ஒரு தடவை, பௌர்ணமிக்கு மட்டும்தான். ஆனால் பௌர்ணமி அன்று நிலா முழுசாக அல்லவா இருக்கிறது! அப்படியென்றால் தேய்பிறைக்கும் பூமியின் நிழலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விஷயம் மிக எளிது. நிலா ஒரு உருண்டை. சூரியன் எப்போதும் அதில் பாதியைத்தான் வெளிச்சமாக்கும், எந்த நாளிலும் சரிபாதி. நிலா நம்மைச் சுற்றி வரும்போது அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவு நமக்குத் தெரியும். சூரியன் பக்கம் நிலா போய்விட்டால் இருட்டுப் பாதி நம்மைப் பார்க்கும், அமாவாசை. எதிர்ப்பக்கம் வந்தால் வெளிச்சப் பாதி முழுதும் நம்மைப் பார்க்கும், பௌர்ணமி. நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இந்தக் கை நீட்டும் சோதனையை உங்களுக்கே செய்து பாருங்கள். பாடம் எடுப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் போதும்.

அப்படியானால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை என்று பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். என் மாடல் ஏன் பொய் சொன்னது என்பதும் இதில்தான் இருக்கிறது. அதில் பூமி ஆறு சென்டிமீட்டர் உருண்டை, நிலா அதற்கு நாலு விரல் தள்ளி. உண்மையில் பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே முப்பது பூமிகளை வரிசையாக வைக்கலாம், தூரம் ஏறக்குறைய 3,84,400 கிலோமீட்டர். பூமி ஆறு சென்டிமீட்டர் என்றால் நிலா ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம், பெரிய கோலிக்குண்டு அளவு. அது ஒரு மீட்டர் எண்பது சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நிலா சுற்றும் பாதையும் ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தத் தூரத்தில் ஐந்து டிகிரி என்றால் பதினாறு சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ போய்விடும். பூமியே ஆறு சென்டிமீட்டர்தான். அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலில் படாமல் தாண்டிப் போய்விடுகிறது. இதை நான் மாடியில் அளவு டேப் வைத்துத்தான் காட்டினேன். கோலிக்குண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் "இவ்ளோ தூரமா அக்கா!" என்று வாயைப் பிளந்தான். நிலா பக்கத்தில் இருக்கிறது என்று எல்லாப் படமும் நம்ப வைக்கிறது. ஒரு டேப், ஒரு பந்து, ஒரு கோலிக்குண்டு, இவை போதும் அதை உடைக்க. மாடல் வாங்காதீர்கள்.

திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில் நான் செய்த அடுத்த தப்பு, மாதம் பார்க்காமல் ஆரம்பித்தது. 2024 தீபாவளி அக்டோபர் 31. அமாவாசை முடிந்து வரும் பிறையிலிருந்து தினமும் வரைய வைக்கலாம் என்று நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோரம் வானம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் குற்ற உணர்ச்சி அவசரப்படுத்தியது. அந்த மாதம் முழுக்க ஆறு நாள்தான் நிலா தெரிந்தது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. அதன் பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கீழே வைத்திருந்த மாடல் நனைந்து மோட்டார் போனது. பிள்ளைகளின் நோட்டெல்லாம் ஊறிப்போயின. மூன்று வாரம் வகுப்பே இல்லை. அப்போது பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல் கதையை ஓர் இடத்தில் படித்தேன். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கிரகம் கடந்து போவதைப் பார்க்க 1761ல் புதுச்சேரிக்குக் கப்பலேறியவர், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரியில் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மேகம் வந்து மூடிக்கொண்டது. படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நம் ஊரில் நிலா பார்க்க வேண்டுமென்றால் தை, மாசி, பங்குனி. ஐப்பசி கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள்.

தை அமாவாசை 2025ல் ஜனவரி 29. இரண்டு நாள் கழித்து, 31ஆம் தேதி வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அவரவர் வீட்டிலிருந்து பார்த்து வரைந்து வர வேண்டும். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு நோட்டுகளைத் திருத்தினேன். நாலாவது படிக்கிற மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், பிறையைப் படுக்க வைத்து வரைந்திருந்தான். இரண்டு முனையும் மேலே பார்த்தபடி, அடிவயிறு கீழே. என் சார்ட்டில் வளர்பிறை நிமிர்ந்து நிற்கும், வலது பக்கம் வளைந்தபடி. சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன். "இல்லக்கா, தோணி மாதிரிதான் இருந்துச்சு" என்றான். "சார்ட்டைப் பாருடா" என்றேன். ஒன்றும் பேசாமல் நோட்டை வாங்கிக்கொண்டான்.

ஆறரை மணிக்கு எல்லாரும் மேலேயே இருந்தோம். மேற்கே சவுக்குத் தோப்புக்கு மேல் வெள்ளி பளிச்சென்று நின்றது, பக்கத்திலேயே பிறை. தோணியேதான். கரையில் இழுத்துப் போட்ட தோணி எப்படி இருக்குமோ அப்படி, இரண்டு முனையும் வானத்தைப் பார்த்துக்கொண்டு. நான் அவனைப் பார்க்கிறேன், அவன் என்னைப் பார்க்கவில்லை. நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டைத் திரும்ப வாங்கி, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் "நீ வரைந்ததுதான் சரி, அக்கா பார்க்காமல் தப்பு போட்டேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் படித்தும் காட்டினேன்.

காரணம் இதுதான். என் சார்ட்டில் இருந்தது மாதிரி நிமிர்ந்து நிற்கும் பிறை, வடக்கே வெகு தூரத்தில் இருக்கிற நாடுகளில் தெரிகிற பிறை. அங்கே சூரியனும் நிலாவும் சாய்வாக இறங்கும். கடலூர் பூமத்திய ரேகைக்குப் பன்னிரண்டு டிகிரிக்குள் இருக்கிறது. இங்கே இரண்டும் ஏறக்குறைய நேராகவே இறங்கும். சூரியன் பிறைக்கு நேர் கீழே போய் மறைவதால் பிறையின் வெளிச்சப் பக்கமும் கீழே பார்க்கும். தை, மாசி, பங்குனி மாலைகளில் இது அச்சு அசலாகத் தெரியும். அரை நிலாவுக்கும் இதே கதை. சாயங்காலம் உச்சியில் பார்க்கிற அரை நிலா, நடுராத்திரி மறையப் போகும்போது வெளிச்சப் பக்கம் கீழாகக் கிண்ணம் மாதிரி கிடக்கும். அதனால் வலது பக்கம் வளைந்தால் வளர்பிறை, இடது பக்கம் வளைந்தால் தேய்பிறை என்ற மனப்பாடமெல்லாம் நம் ஊருக்கு உதவாது. ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள்: வெளிச்சமான பக்கம் எப்போதும் சூரியன் இருக்கிற பக்கம். எந்த ஊருக்கும், எந்த நேரத்துக்கும் இது பொருந்தும். இன்னொன்று, எட்டு நிலாவை வட்டமாகப் போட்ட படத்தைப் பார்த்து ஒரு மூன்றாவது வகுப்புப் பாப்பா எட்டு நிலா இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கடைசியில் காட்டுங்கள், முதலில் வேண்டாம்.

எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல வழி எலுமிச்சம்பழம். பிப்ரவரி 6, சாயங்காலம் நாலரை மணி. கிழக்கு வானத்தில் அரையைத் தாண்டிய நிலா வெளுப்பாகத் தெரிந்தது, மேற்கே வெயில். ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைத் தென்னை ஈர்க்கில் குத்திக் கொடுத்து, நிலா இருக்கிற திசையில் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். பழத்தில் வெயில் பட்ட பகுதியும் நிழலான பகுதியும் எப்படி இருந்தனவோ, அப்படியே பக்கத்தில் நிலா இருந்தது. அதே வளைவு, அதே சாய்வு. ஒரே வெயில்தான் இரண்டின் மேலும் படுகிறது என்று நான் வாயைத் திறந்து சொல்லத் தேவையே இருக்கவில்லை. கண்காட்சியில் அழுத பெண், பழத்தை நிலாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதும் தள்ளுவதுமாகப் பத்து நிமிஷம் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அப்ப நிழல் வேற எங்கிருந்தும் வரல. பழத்தோட முதுகுதான் இருட்டு, இல்ல?" அதேதான். இதைப் பௌர்ணமிக்கு முந்தின ஐந்தாறு நாட்களில் சாயங்காலம் செய்யுங்கள், சூரியன் பின்னால் இருக்கும், பிள்ளைகள் சூரியனைப் பார்க்க நேராது. தேய்பிறையில் செய்தால் காலையில் செய்ய வேண்டும், அப்போதும் சூரியனுக்கு முதுகு காட்டியே நிற்கட்டும்.

மழைக்காலம் என்றால் வீட்டுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. இருட்டறையில் ஒரு பல்பு, தலை உயரத்தில். ஆளுக்கு ஒரு தெர்மோகோல் உருண்டை, ஈர்க்கில் குத்தியது. பிள்ளையின் தலைதான் பூமி. உருண்டையை முன்னால் நீட்டிப் பிடித்து, இடது கைப் பக்கமாக மெல்லத் திரும்பி ஒரு சுற்று வர வேண்டும். பிறை, அரை, முழு நிலா, மறுபடி அரை எல்லாம் வரிசையாக வரும். உருண்டையைத் தலைக்குக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நேராகப் பிடித்தால் பல்புக்கு முதுகு காட்டும்போது தலையின் நிழல் விழுந்துவிடும். கடைசியில் வேண்டுமென்றே அப்படி விழவிட்டு, "இதுதான் கிரகணம், இது எப்பவாவதுதான்" என்று காட்டுங்கள். உருண்டை 18க்கு 180 ரூபாய், பல்பு ஹோல்டர் ஒயர் 140. மொத்தம் 320 ரூபாய். 4,700 ரூபாய் செலவழித்து நடக்காதது இதில் நடந்தது.

பூமி சுழல்வதற்கு வருகிறேன். பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஒரு மீட்டர் சவுக்குக் கொம்பை மாடியில் மணல் வாளியில் நட்டு, பதினொன்றிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்தோம். பன்னிரண்டுக்கு நிழல் மிகக் குட்டையாகிவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். பன்னிரண்டு ஆனது, நிழல் இன்னும் குறைந்துகொண்டே இருந்தது. எனக்குக் கை நடுங்கியது, மறுபடியும் தப்பா என்று. பன்னிரண்டு இருபத்தைந்துக்குத்தான் நிழல் மிகக் குட்டையானது, கிட்டத்தட்ட அரை மீட்டர். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தியா முழுவதற்கும் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. கடலூர் அதற்கு ஏறக்குறைய 2¾ டிகிரி மேற்கே. பூமி ஒரு டிகிரி திரும்ப நாலு நிமிஷம். ஆக பதினோரு நிமிஷம் பிந்துகிறது. மீதிப் பதினாலு நிமிஷம், பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் பிப்ரவரியில் சூரியன் கடிகாரத்துக்குப் பிந்துவது. நவம்பர் தொடக்கத்தில் செய்தால் பன்னிரண்டுக்குச் சில நிமிஷம் முன்னாலேயே உச்சிக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு இந்த முழு விளக்கம் வேண்டாம். "கடிகாரம் ஊருக்குப் பொது, சூரியன் நம்ம தெருவுக்கு" என்று சொன்னேன், பிடித்துக்கொண்டார்கள். ஏப்ரல் 21ஐ ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டிய நாட்களிலும் கடலூரில் உச்சிப்பொழுதில் நட்ட கொம்புக்கு நிழலே விழாது, அதையும் குறித்து வையுங்கள்.

"இவ்ளோ வேகமா சுத்துதுன்னா நாம ஏங்க்கா விழல?" இந்தக் கேள்வி வராத வகுப்பே கிடையாது. நம் ஊர் இருக்கிற இடத்தில் வேகம் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் மேல். புதுச்சேரி போகிற பஸ் ஒரே சீராக ஓடும்போது உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம், பிரேக் போட்டால்தான் தெரியும். பூமி பிரேக் போடுவதே இல்லை. நம்மைப் பிடித்து வைத்திருக்கிற ஈர்ப்பும் பலமானது. இதைவிட எனக்கு உதவியது ஆரியபட்டர் சொன்ன உவமை. 499லேயே எழுதிவிட்டார்: முன்னால் போகிற படகில் இருப்பவனுக்குக் கரையில் நிற்பவை பின்னால் போவதுபோலத் தெரியும், அதுபோலத்தான் நட்சத்திரங்கள் மேற்கே போவதாக நமக்குத் தோன்றுகிறது என்று. இதைச் சொன்னதும் படகில் போய்ப் பழகிய பிள்ளைகள் மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்று நான் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அதிகம். சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது என்று சொல்வதற்குப் பதில், நம் கடற்கரை சூரியனைப் பார்க்கக் கிழக்கே திரும்புகிறது என்று அவர்களே சொன்னார்கள்.

பிப்ரவரி 12 பௌர்ணமி. அன்று மட்டும் சில்வர் பீச்சுக்கு எல்லாரையும் கூட்டிப்போனேன், மூன்று அம்மாக்கள் துணையோடு. அலைக்குப் பக்கத்தில் பிள்ளைகளைத் தனியாக நிறுத்த முடியாது, நிலா வரும் நேரத்தில் எல்லாரும் மேலே பார்ப்போம், கீழே பிள்ளை எங்கே என்று பார்க்க ஆள் வேண்டும். ஆறேகால் வாக்கில் முதுகுப் பக்கம் ஊருக்குப் பின்னால் சூரியன் இறங்கியது, எதிரே கடல் கோட்டில் நிலா எழும்பியது, செம்மண் நிறத்தில். ஒரு கையை அங்கே நீட்டி, ஒரு கையை இங்கே நீட்டச் சொன்னேன். எல்லாருடைய கைகளும் ஒரே நேர்கோடு. பௌர்ணமி என்றால் என்ன என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

பௌர்ணமிக்குப் பின்தான் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். நானும் விட்டுவிடப் பார்த்தேன். நிலா எட்டு மணிக்கு வரும், ஒன்பதுக்கு வரும், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், பெண் பிள்ளைகளை அந்த நேரத்தில் வெளியே அனுப்ப மாட்டார்கள். தோணி வரைந்த பையனின் தாத்தா வலை பின்னிக்கொண்டே சொன்னார்: "தெனம் ரெண்டு நாழிகை தள்ளி வரும்மா. ராத்திரி எதுக்குத் தேடுற, விடிகாலையில பாரு." ஒரு நாழிகை 24 நிமிஷம், இரண்டு என்றால் 48. புத்தகத்தில் சராசரி ஐம்பது நிமிஷம் என்று இருக்கிறது. நிலா தினமும் பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி கிழக்கே நகர்ந்துவிடுவதால், அதை எட்டிப் பிடிக்க பூமி அவ்வளவு நேரம் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது, எனக்கு விளக்கம் தெரிந்திருந்தது. தேய்பிறையில் காலை ஆறரை, ஏழு மணிக்கு மாற்றினோம். பிப்ரவரி 21 காலையில் பள்ளிக்குப் போகும்போது உச்சியைத் தாண்டித் தெற்கே சாய்ந்த அரை நிலாவைப் பார்த்துவிட்டு, "பகல்ல நிலா வராதுன்னு அம்மா சொன்னாங்க" என்று ஒரு சின்னவள் ஓடிவந்தாள். முதல் நாளிலேயே அந்தந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஓதம் (கடல் தண்ணீர் ஏறுவது), வத்தம் (வடிவது), அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உப்பனாற்று வாய்க்குள் தண்ணீர் ஏறுவது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

மாடித் தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களை நாளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தோம். மேகம் மறைத்த நாளுக்குக் கிளிஞ்சலைக் கவிழ்த்து வைப்போம். பக்கத்தில் தினசரி காலண்டரில் கிழித்த தாளை ஒட்டுவோம், அதில்தான் திதி அச்சடித்திருக்கிறதே. சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையில் பன்னிரண்டு டிகிரி விலகினால் ஒரு திதி, முப்பது திதி சேர்ந்தால் முழு வட்டம் 360. அஷ்டமித் தாளுக்கு மேல் அரை நிலா வந்து நின்றபோது பிள்ளைகள் கத்திய கத்தலில் கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். 1825ல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொன்னதை ஜான் வாரன் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் வந்த பிழை நாலு நிமிஷம்தான். அதைச் சொன்ன பிறகு ஒரு கிளிஞ்சலைக்கூட யாரும் காலால் தட்டவில்லை.

மார்ச் 1 சனிக்கிழமை, பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் ரமலான் பிறை பார்க்க மாடிக்கு வந்தார்கள். அவர்கள் பிள்ளையும் என் வகுப்புதான். மேற்கே மெல்லிசாக அதே தோணி. ஜனவரி 31ல் வைத்த முதல் கிளிஞ்சலிலிருந்து எண்ணிப் பார்த்தோம், 29 நாள் ஆகியிருந்தது. புத்தகத்தில் 29½ என்று போட்டிருப்பதை அன்றுதான் எடுத்துக் காட்டினேன். "அரை நாளை எப்படிம்மா வைக்கறது, அதான் எங்க மாசம் ஒண்ணு 29, ஒண்ணு 30ன்னு வரும்" என்று அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். நிறுத்தின நாலு பேரில் இரண்டு பேர் அந்த வாரமே திரும்பி வந்தார்கள்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சந்திர கிரகணம். வீட்டில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு பதினொரு பேர் மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மேகம் விட்டு விட்டு வந்தது. பத்து மணிக்குச் சற்று முன் நிலாவின் ஓரத்தில் கறுப்பு ஏறியது. கண்காட்சியில் அழுத பெண் இப்போது ஏழாவது. பிப்ரவரி நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். டார்ச் வெளிச்சத்தில் அஷ்டமிப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிலாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதி மறைந்த நேரத்தில் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, அரை நிலாவுல நடுக்கோடு நேரா இருந்துச்சு. இது பாருங்க, வளைஞ்சு இருக்கு. ஓரம் கலங்கலா இருக்கு. இதான் நம்ம பூமியோட நிழல்." பதினொரு மணிக்கு நிலா முழுக்கச் செம்பு நிறமாகிவிட்டது. அவள் நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, மேலே தேதி எழுதி, வளைந்த கோட்டை முதலில் வரைந்தாள்.